மருதடி ஓடையில் மாமா வாய் திறந்தது

நோன்பு பிடித்தவனுக்குக் கோபம் ஆகாது என்று எங்கள் ஆலிம்சா ஒவ்வொரு ஜும்ஆவிலும் சொல்வார். சொல்லட்டும். அவருக்கு என் மாமனாரைப் போல ஒரு மாமனார் இல்லை.

நான் ஜவுபர், மருதமுனையில் பிறந்து தறியில் சாரன் நெய்கிறவன். எங்கள் பக்கத்து வழமைப்படி கல்யாணம் முடித்த கையோடு மனைவி வீட்டுக்குக் குடிபோனேன். கல்முனைக்குடியில் றாஹிலாவின் வீடு அது. அவளுடைய வாப்பா அச்சிமுகம்மதுப் போடியாருக்கு வயல், மாடு, குரல் எல்லாமே பெரிது. வீட்டைச் சீதனமாக மகளின் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மாமியோடு பின்வளவுக் குடிலுக்குப் போனார். போனாரே தவிர, அவருடைய அதிகாரம் முன்வீட்டை விட்டு அசையவில்லை.

தலைநோன்பு அன்று பின்னேரம் நான் ஓடையில் பிடித்த விராலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நோன்பு திறக்க நாலு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் காது கேட்கவே மாமா சொன்னார்.

"தறியில குந்தின நேரம் போக மிச்ச நேரம் ஓடையில குந்துறார் எங்கட மாப்பிள்ள. சோத்துக்கு வந்த இப்பிடி ஒரு ஆள எந்த ஊட்டுல வெச்சிருப்பாங்க?"

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. "நான் திங்கிற சோறு என்ட உழைப்பு மாமா. ஊடும் உங்கட ஊடில்ல, றாஹிலாட ஊடு. நீங்கதானே எழுதிக் குடுத்த!"

மாமா எழும்பி நின்றார். "வல்லாஹி! இவன் முதல் வாய் திறந்து கதைக்காம நான் இவனோட ஒரு சொல்லுக் கதைக்க மாட்டன்!"

அல்லாஹ்வின் பேரால் சத்தியம். வந்தவர்கள் நாலு பேரும் சாட்சி. நான் தலையணையையும் தூண்டிலையும் எடுத்துக்கொண்டு உம்மா வீட்டுக்குப் புறப்பட்டேன். றாஹிலா நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றாள். அவள் அழவில்லை, அழுகிற ஆளும் இல்லை.

"போறதெண்டா போங்க. புள்ள வாறதுக்குள்ள வந்து சேருங்க" என்றாள்.

அதுதான் என்னைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது. முதல் பிள்ளை. பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்ல வாப்பா பக்கத்தில் இல்லாவிட்டால் அது என்ன கூத்து? வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்தான். அந்த வேறு யாராவதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அந்த வளவுக்குள் காலை வைத்தால் மூத்தவருக்கு நான்தான் முதலில் ஸலாம் சொல்ல வேண்டும். ஸலாம் சொன்னால் முதலில் வாய் திறந்தவன் நான், பிழை விட்டவனும் நான் என்று ஊர் சொல்லும். அவர் என்னைச் சோற்றுக்கு வந்தவன் என்று சொன்னது அப்படியே சரி என்றாகிவிடும். போகவே மாட்டேன் என்று இருந்தேன். இருந்தேனே தவிர, இரவில் கண் மூடவில்லை. தறியில் நூல் அறுந்துகொண்டே இருந்தது.

நோன்பு காலத்தில் பின்னேரம் அசர் தொழுத பிறகு இருக்கிறதே ஒரு நேரம், அது நகராது. தொண்டை காய்ந்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டி, வீட்டில் இருந்தால் யாரையாவது ஏசச் சொல்லும். அதற்கு மருந்து தூண்டில்தான். பாண்டிருப்புக்குப் பின்னால் வயல்வெளியில், பெரிய மருத மரம் ஒன்று வேர் விரித்து நிற்கிற இடத்தில் எங்கள் ஓடை வளைந்து போகிறது. மருதடி ஓடை என்போம். அங்கே எந்த வேருக்குக் கீழே விரால் படுக்கும், எந்தச் சேற்றில் கெளுத்தி கிளறும் என்று எனக்குத் தெரியும்.

என் தூண்டிலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதில் எனக்குப் பெருமை. தறி நூலை நானே முறுக்கி, பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறப்போட்டுக் காயவைத்த கயிறு. தண்ணீரில் எத்தனை நாள் கிடந்தாலும் இற்றுப் போகாது. மெல்லிய மூங்கில் தடி. மிதப்புக்கு மயில் இறகின் தண்டு, விரல் நீளம். மீன் மூச்சு விட்டால்கூட அது தலையாட்டும்.

அப்படிச் சில நாள் போன பிறகு ஒரு நாள் வானம் மூடிக் கிடந்தது. வெயில் எங்கே நிற்கிறது என்று மட்டுக்கட்ட முடியவில்லை. பேரீச்சம்பழப் பொட்டலத்தையும் தண்ணீர்ப் போத்தலையும் வேரில் வைத்துவிட்டு, ஒரு தவளைக் குஞ்சைக் கோர்த்துத் தூண்டிலை வீசினேன். மிதப்பு நிமிர்ந்து நின்றது. மனதும் கொஞ்சம் நிமிர்ந்தது.

அப்போதுதான் வரம்பில் சைக்கிள் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மாமா. அல்லாஹ்வே! அந்த மனிதனின் தோளில் ஒரு தூண்டில்!

தடி இப்போதுதான் வெட்டிய பச்சை மூங்கில், இலைகூட இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கயிறு மாடு கட்டுகிற கயிற்றில் ஒரு புரி. கொக்கி கடல் சுறாவுக்குப் போடுகிற அளவு. ஸலாம் இல்லை, கலாம் இல்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் வந்து, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, தொம்மென்று குந்தினார். இரை எதுவும் கோர்க்காமலே வெறும் கொக்கியைத் தண்ணீரில் எறிந்தார். கல் விழுந்த சத்தம் எழுந்தது. ஓடையில் இருந்த மீன் எல்லாம் அக்கரைப்பற்றுக்குப் போயிருக்கும்.

எனக்கு நெஞ்சு கொதித்தது. மீன் பிடிக்கிறவனைப் பார்த்துச் சோற்றுக்கு வந்தவன் என்று சொன்ன வாய், இப்போது என் ஓடையில் வந்து குந்தியிருக்கிறது! இரை வேண்டுமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் தோற்றேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் தொண்டையைச் செருமினார். நானும் செருமினேன். அவர் மருத மரத்தைப் பார்த்து இருமினார். நான் தண்ணீரைப் பார்த்து இருமினேன். இரண்டு பேரும் கிழட்டு மாடுகளைப் போல இருமிக்கொண்டு இருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் அவர் தடியை அப்பால் இழுக்க, அவருடைய கொக்கி என் கயிற்றில் மாட்டிக்கொண்டது. நான் இழுத்தேன். அவரும் இழுத்தார். ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கயிற்றைப் பிடித்துத் தந்தார். இரண்டு பேரும் தலைக்குத் தலை முட்டக் குந்தியிருந்து சிக்கெடுத்தோம். அவருடைய முகம் வாடியிருந்தது. நோன்புக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்து குந்தியபோது என் கோபத்தில் பாதியைக் காணவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. வயல் பக்கம் கொக்குகள் போய்விட்டன. தொண்டை நெருப்பாய் எரிந்தது. அந்த நேரம் காற்றோடு மேளச் சத்தம் வந்தது.

பள்ளியில் நோன்பு திறக்க நகரா அடிப்பார்கள். அதைக் கேட்டுத்தான் வயலில் நிற்கிறவனும் கடற்கரையில் நிற்கிறவனும் நோன்பு திறப்பான். அல்ஹம்துலில்லாஹ் என்று தூண்டில் தடியை வேருக்குள் செருகிவிட்டுப் போத்தலை எடுத்தேன். மூடியைத் திருகினேன். 'பிஸ்மி' சொல்லி வாய்க்குக் கொண்டு போனேன்.

"டேய் ஜவுபர்! குடியாத! குடியாதடா!"

மருத மரத்தில் இருந்த கிளிகள் எல்லாம் பறந்தன. மாமா பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துவிட்டார்.

"அது நகரா இல்லடா! அம்மன் கோயில் பறை! இண்டைக்கு வைகாசிச் சடங்கு தொடங்கிற எண்டு நம்மட வயல்ல வேலை செய்ற நல்லரெத்தினம் காலையில சொன்னான். மஃரிபுக்கு இன்னம் நேரம் இரிக்கிடா!"

நான் போத்தலோடு நின்றேன். அவர் என் கையோடு நின்றார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் புரிந்தது. மாமா வாய் திறந்துவிட்டார். வல்லாஹி என்று சத்தியம் பண்ணிய வாய்!

"மாமா..." என்றேன்.

"மீன்!" என்றார் மாமா.

திரும்பினால் என் தடி வேரிலிருந்து கழன்று தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. மயில் தண்டைக் காணவே இல்லை. நான் குதிக்கிறதற்கு முன்னே போடியார் குதித்துவிட்டார். இடுப்பளவு தண்ணீர், முழங்காலளவு சேறு. அவர் தடியைப் பிடிக்க, நான் கயிற்றைப் பிடிக்க, விரால் எங்கள் இரண்டு பேரின் கால்களையும் சேர்த்துச் சுற்றிவிட்டது.

"தடிய உடுங்க மாமா!"

"உட்டாப் போயிரும்டா!"

"போகாது! இது என்ட கயிறு, நான் முறுக்கின கயிறு!"

விட்டார். நான் அதைக் கரைப்பக்கம் மெல்ல நடத்திக் கொண்டுபோய்ச் செவுளில் விரலைக் கொடுத்துத் தூக்கினேன். முழங்கை நீளம் இருந்தது. மாமா சேற்றில் நின்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை, முன்பல் ஒன்று இல்லாததும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

கரையேறிச் சாரனைப் பிழிந்துகொண்டிருந்தபோது தெற்கிலிருந்து நகரா கேட்டது, ஆறுதலாக, கனத்து. அதன் பிறகு பாங்கும் மெல்லியதாக வந்தது. ஒரே போத்தல். நான் அவரிடம் நீட்டினேன். அவர் பேரீச்சம்பழத்தைக் கடித்து, மூன்று மிடறு குடித்துவிட்டு எனக்குத் தந்தார். அந்தத் தண்ணீரின் ருசியை நான் எப்படிச் சொல்ல?

"மாமா, நீங்க சத்தியத்த முறிச்சிட்டீங்க" என்றேன்.

"ஓம்."

"அல்லாட பேரச் சொல்லிப் பண்ணின சத்தியம்."

"எனக்குத் தெரியாதா? பத்து ஏழை மிஸ்கீனுக்குச் சோறு குடுக்கணும். குடுப்பம்."

எனக்குள் இருந்த பிடிவாதக்காரன் இன்னும் சாகவில்லை. "தெரியாமக் குடிச்சிருந்தா நான் அதுக்குப் பதிலா பிறகு ஒரு நோம்பக் கழாச் செஞ்சிருப்பன். ஒரு நோம்புக்காகவா இந்தச் சத்தியத்த முறிச்சீங்க?"

மாமா ஈரச் சாரனோடு வேரில் உட்கார்ந்தார். சத்தமில்லாமல் பேசினார். அந்தக் குரல் அவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

"நோம்புக்காக எண்டா நினைக்கிற? எனக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியுமா? எதுக்குடா வந்து குந்தினன்? மருத்துவிச்சி ஹாஜறா மத்தியானம் லுஹருக்கு வந்து வயித்தப் பாத்திட்டு, இண்டைக்கோ நாளைக்கோ எண்டிட்டா. றாஹிலா வாய் திறந்து ஒண்டும் சொல்றாளில்ல. வாசலப் பாத்துக்கிட்டு இரிக்கிறாள். நீ கதைப்பாய் கதைப்பாய் எண்டு பாத்தன். நீ என்ன, மரம் மாதிரி இரிக்கிறாய். அந்தப் பறை அடிக்காட்டியும் நான் என்னத்தையாவது சொல்லிக் கத்தித்தான் இருப்பன்."

நான் போத்தலின் மூடியைத் திருகி மூடினேன்.

"சத்தியத்த முறிச்சதுக்குப் பத்துப் பேர்ட சோறு இரிக்கி. நீ பக்கத்துல இல்லாம அவள் பெத்தா, அதுக்கு எந்தக் கிதாபுல பரிகாரம் இரிக்கி? சொல்லு. உன்னச் சோத்துக்கு வந்தவன் எண்டு சொன்னன். பிழை. நான்தான் சொன்னன், நானே சொல்றன், பிழை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, இருந்தாலும் வந்தது. "நானும் ஊட்டப் பத்திச் சொல்லியிருக்கப்படாது மாமா" என்றேன்.

"அது உண்மதானே. உண்மையச் சொன்னா மனிசனுக்குக் கோவம் வாறதுதான். எழும்பு, தொழுதிட்டுப் போவம்."

ஓடைத் தண்ணீரில் ஒழுச் செய்து, புல்லில் நின்று தொழுதோம். பிறகு மாமாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நான் சைக்கிளை மிதித்தேன். விரால் ஹாண்டிலில் தொங்கித் துள்ளியது. அத்தனை நாளும் அடக்கி வைத்ததை எல்லாம் அவர் வழிநெடுகக் கதைத்துத் தீர்த்தார். எந்த மாடு கயிற்றை அறுத்தது, யார் வயலுக்கு யார் தண்ணீர் திருப்பினான், பத்துப் பேருக்கு எந்த நெல்லைக் குத்துவது, எல்லாம். அவருடைய வாயை மூட முடியவில்லை. நானும் மூடச் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் குப்பி விளக்கு எரிந்தது. றாஹிலா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேறும் ஈரமுமாய் இரண்டு பேரும் சைக்கிளிலிருந்து இறங்குவதைப் பார்த்தாள். என்ன கேட்கிறேன் என்றே தெரியாமல் கேட்டேன்.

"புள்ள வந்திட்டா?"

"கண் தெரியல்லியா மனிசனுக்கு?" அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள். "உங்களப் பாத்துக்கிட்டுத்தான் இரிக்கி. உள்ளுக்கு வாங்க."