டேப்பில் ஏறாத குரல்

நாற்பது நாள் காத்திருந்துவிட்டு நீலாயதாட்சி வந்தாள். புருஷன் கலியபெருமாளோடு மீன்பிடிக்கப் போன இரண்டு பையன்களின் உடல்களும் அப்போதே கரை ஒதுங்கிவிட்டன. அவன் மட்டும் கிடைக்கவில்லை. இலங்கைப் பக்கம் ஒதுங்கியிருப்பான், பிடித்து உள்ளே வைத்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையும் போனபிறகுதான் விசைப்படகுச் சங்கத்தின் வயர்லெஸ் அறைப் படியேறினாள்.

“தம்பி, நாளைக்குப் பஞ்சாயத்து. அந்தப் பிள்ளைங்களை எங்க வீட்டுக்காரருதான் கொன்னாருன்னு சொல்றாங்க. காத்து ஏறுனதும் எல்லாப் படகும் திரும்பிடுச்சாம், இவரு திமிரா நின்னாராம். கரைக்கு ஒரு வார்த்தை சொல்லலியாம். அவரு வயர்லெஸ்ல கூப்பிடாம இருக்க மாட்டாரு. உங்க மிஷின்ல இருக்கும்ல? அத மட்டும் போட்டுக் காட்டுங்க.”

மீன் ஏலத்தில் அவளை யாரும் கூடை வைக்க விடுவதில்லை. மகள் பூமிகாவின் பக்கத்தில் பள்ளிக்கூட வேனில் ஒரு பிள்ளையும் உட்காருவதில்லை. செத்தவனைப் பற்றிப் பேச மட்டும் இந்த ஊருக்கு எங்கிருந்துதான் வாய் வருமோ!

“இருக்கும்க்கா, உக்காருங்க,” என்றான் அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் யூனுஸ். அத்தனை தைரியம். வயர்லெஸ் பேச்சைப் பதிந்து நகலெடுக்கும் பேக்கப் மென்பொருளை அமைத்தவனே அவன்தானே! படகுகள் பேசுவதெல்லாம் முதலில் டிஸ்க்கில் விழும். வெள்ளிக்கிழமைதோறும் அங்கிருந்து டேப்புக்கு நகல் போகும். டிஸ்க்கில் முப்பது நாள் தங்கி, பிறகு அழிந்து புதுசுக்கு இடம் விடும். டேப்பில் ஏறாத எதையும் அழிக்காதே என்று ஒரு கட்டளையும் போட்டு வைத்திருந்தான்.

தேதியைத் தட்டினான். பதிவு இல்லை என்று வந்தது.

மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு படகும் போகாது. டேப்பில் எழுத ஒன்றுமில்லை என்று பொறுப்பாளர் மணிவண்ணனின் போனுக்கு வாராவாரம் எச்சரிக்கை வந்தது. “இந்தச் சனியன நிறுத்தித் தொலைடா,” என்றார் அவர். டேப்பில் ஏறாததை அழிக்காதே என்ற அந்தக் கட்டளை இருக்கும்வரை மென்பொருள் டேப்பை நிறுத்த விடாது. யூனுஸ் கட்டளையை எடுத்துவிட்டு டேப்பையும் நிறுத்தினான். தடை முடிந்ததும் திரும்பப் போட வேண்டும். முதல் படகு கரைக்கு வந்த அன்று துறைமுகமே திருவிழா. இவனும் இரண்டு கிலோ இறால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். போனவன் அதை மறந்தே போனான். பாவி, ஒரு நிமிட வேலை!

அதற்கு மூன்றாம் நாள் கலியபெருமாளின் படகு கவிழ்ந்தது. முப்பது நாள் கழித்து டிஸ்க் தன் வேலையைச் செய்துவிட்டது.

குரல் போய்விட்டது, அழைப்புகளின் பட்டியல் மட்டும் இருந்தது. கலியபெருமாளின் படகு எண்ணுக்கு நேரே மூன்று அழைப்புகள். மதியம் இரண்டு பத்துக்கு இரண்டு நிமிடம். இரண்டரைக்கு ஒரு நிமிடம். இரண்டே முக்காலுக்கு ஒன்பது விநாடி. கரையிலிருந்து பதில் போனதாக ஒரு வரியும் இல்லை. பக்கத்தில், டிஸ்க்கில் அழிந்தது, டேப்பில் நகல் இல்லை என்றிருந்தது. அதன் கீழே, டேப்பை நிறுத்தியவர் யூனுஸ் என்று.

மணிவண்ணன் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். அன்று மதியம் இந்த அறையில் இருந்திருக்க வேண்டியவர் அவர்; கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். அழைப்பே வரவில்லை என்று ஊரெல்லாம் சொன்னவரும் அவரேதான்.

“இல்லன்னு சொல்லி அனுப்பு,” என்று காதருகே குனிந்தார். “இது வெளிய போனா ரெண்டு பேரு பொழப்பும் நாறிடும். ஒனக்கும் பிள்ளகுட்டி இருக்கு.”

இல்லை என்று சொல்வது எத்தனை சுலபம்! அவள் எழுந்து போய்விடுவாள், நாளைக்கு ஊர் அவளை ஒரேயடியாகத் தள்ளி வைக்கும். அவன் பிரிண்டரைத் தட்டினான்.

தாளை அவளிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னான். “குரல் இல்லக்கா. நான்தான் தொலைச்சேன். ஆனா அவரு கூப்பிட்டாரு. இதக் காட்டுங்க, ஒருத்தரும் வாய் தெறக்க மாட்டாங்க.”

நீலாயதாட்சி தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “எனக்குத் தெரியும் தம்பி, எனக்குத் தெரியும்.” பிறகு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

“மூணு தரமா கூப்பிட்டாரு?”

“ஆமாக்கா.”

“யாருமே எடுக்கலியா?”

மணிவண்ணன் அதற்குள் வெளியே போயிருந்தார். “அன்னிக்கு இந்த ரூம்ல ஆளே இல்லக்கா,” என்றான் யூனுஸ்.

“ஒரு தரம் கூப்பிட்டிருப்பாரு, அதுக்குள்ள முடிஞ்சிருக்கும்னு நெனச்சிருந்தேனே. முப்பத்தஞ்சு நிமிஷம் உசிரோட காத்துக்கிட்டுல்ல இருந்திருக்காரு!” அவள் விரல் கடைசி வரியை விட்டு நகரவில்லை. “இந்த ஒம்போது செகண்டுல என்ன தம்பி சொன்னாரு?”

“தெரியலக்கா.”

பஞ்சாயத்தில் காட்ட வேண்டிய தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க அவளால் முடியவில்லை.