ஐந்து கார்னேஷன்கள்

வெள்ளைச் செருப்பு அம்மாவின் காலில் ஏறவில்லை. இறந்தவர்களுக்கென்று விற்கும் துணிச் செருப்பில் கடையில் இருந்தது அந்த ஓர் அளவுதான். வார்யா மூன்றாம் முறையும் குதிகாலைத் தள்ளிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

"பின்னாடி வெட்டி விடுடி. அவ நடக்கவா போறா?" என்றாள் எதிர்வீட்டு க்ளாவா அத்தை.

வார்யா கத்தரிக்கோலை எடுத்தாள். இதே கத்தரிக்கோலால்தான் தம்பி ரோத்யா தன் ஆட்டச் செருப்புகளை வெட்டி வளைத்துக் காலுக்குப் பழக்குவான். பதினான்கு வருஷத்துக்கு முன் பெர்ம் நகரத்துப் பாலே தியேட்டரோடு வியன்னாவுக்கு ஆடப் போனவன், நாடு திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டான். அடுத்த வாரம் உளவுத்துறையிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். எங்களுக்கு அப்படி ஒரு மகன் இல்லை என்று வார்யா எழுதினாள், அம்மா கையெழுத்துப் போட்டாள். வீடு கையைவிட்டுப் போகவில்லை. பிறகு அந்தப் பெயரை இருவரும் சொன்னதில்லை.

முந்தாநாள் அம்மா போனதும் வார்யா அவனுக்குத் தந்தி கொடுக்கப் போனாள். கவுண்டரில் இருந்தவள் பெயரையும் வியன்னா என்ற ஊரையும் படித்துவிட்டு, தாளைத் திருப்பித் தள்ளினாள்.

சவப்பெட்டியின் மூடி வெளியே படிக்கட்டில் சாத்தியிருந்தது. வார்யா வெளியே வந்தபோது அதைப் பார்த்தபடி ரிம்மா நின்றுகொண்டிருந்தாள். தியேட்டரில் ஒப்பனை போடுபவள். கையில் செய்தித்தாள் பொட்டலம்.

"இன்னைக்கு அம்மாவுக்குப் பொறந்தநாள்னு வந்தேன்," என்றாள்.

போன மாதம் தியேட்டரோடு அவள் வியன்னா போயிருந்தபோது, ரோத்யா ஹோட்டல் பின்வாசலில் காத்திருந்தானாம். நாலு நிமிஷம்கூடப் பேசவில்லை. அம்மாவுக்குச் சிவப்புக் கார்னேஷன் பூ வாங்கிக் கொடு, யார் கொடுத்தது என்று சொல்லவேண்டாம், அவளுக்கே தெரியும் என்றானாம்.

"எப்படி இருக்கான்?"

"முட்டி போச்சு. சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறான். தலை வழுக்கை." ரிம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். "அஞ்சு வாங்கிட்டேன், வார்யா. எனக்கு எப்படித் தெரியும்? ஒண்ணை நான் எடுத்துக்கறேன்."

உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை, இறந்தவர்களுக்கு இரட்டைப்படை. பெர்மில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

வார்யா ஐந்தையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"மே மாசம் மறுபடி வியன்னா போறோம். என்ன சொல்லட்டும்?" என்று ரிம்மா பின்னாலிருந்து கேட்டாள்.

வார்யா பூக்களை அம்மாவின் கைமேல் வைத்தாள். க்ளாவா அத்தையின் உதடுகள் அசைந்தன. எண்ணுகிறாள்.

"யாரு பூ?"

"தியேட்டர்ல இருந்து."

"தியேட்டர்காரங்களுக்கு எண்ணத் தெரியாதா? ஒண்ணை எடு. வீட்ல இன்னொரு சாவு விழும்."

அவள் நீட்டிய கையை வார்யா பிடித்துக்கொண்டாள். கதவோரம், அம்மா வேலை பார்த்த தொழிற்சாலைக் கமிட்டியிலிருந்து வந்தவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கட்டும், அத்தை."

"புத்தி கெட்டுப் போச்சாடி?"

"இன்னைக்கு அம்மா பொறந்தநாள்."

க்ளாவா அத்தை அவளைப் பார்த்தாள். கதவருகே நின்ற ரிம்மாவைப் பார்த்தாள். கமிட்டிக்காரரையும் பார்த்தாள். பதினான்கு வருஷமும் எதிர்வீட்டிலிருந்து எல்லாம் பார்த்தவள். பிறகு குனிந்து, போர்வையைச் சரிசெய்வதுபோல் ஒரு பூவை அதற்குள் தள்ளி, அம்மாவின் விலாவோடு ஒட்டி வைத்தாள்.

"நாலு," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

மூடியை உள்ளே கொண்டுவந்தார்கள்.

நாலு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டின் திருப்பத்தில் திணறிக்கொண்டிருந்தபோது, வார்யா ரிம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அஞ்சும் அம்மா கைக்குப் போய்ச் சேந்துச்சுன்னு சொல்லு."

"அவ்வளவுதானா? அம்மா போனதைச் சொல்ல வேண்டாமா?"

"அவ்வளவுதான்."

ரிம்மா ஈரமான செய்தித்தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். கீழே வண்டி கிளம்ப மறுத்து இருமிக்கொண்டிருந்தது.