கறுத்த பொருக்கு

"கையைத் தூக்குட்டி, துடைக்கணும்லா" என்று ஈரத்துண்டோடு குனிந்த சாரம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். மருமகள் எப்சிபாவுக்குக் காய்ச்சல் தொடங்கி அன்று நாலாம் நாள். இடது மார்புக்குக் கீழே, ரவிக்கை மறைக்கும் இடத்தில், ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. சிகரெட் நுனியை வைத்து அழுத்தி எடுத்த மாதிரி இருந்தது.

"இது எப்பம் வந்துது?"

"தெரியல மாமி. வலிக்கவே இல்ல."

வலிக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? மகன் ஹெப்ரான் கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை. ஆராதனை முடிந்ததும் முக்குக் கடைச் சிகரெட்டுக்கும் முன்வரிசை. போன ஈஸ்டருக்கு அவன் எப்சிபாவுக்கு விட்ட அறை மூன்று வீடு தள்ளிக் கேட்டது. சாரம்மாள் உடனே டிவியில் பாமாலையைக் கூட்டி வைத்தாள். அதுவும் மூன்று வீடு தள்ளிக் கேட்டது. பாளையங்கோட்டையில் அந்தத் தெருவுக்குக் காது அப்படி.

மகனிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

"இத யார்ட்டயும் காட்டாத, என்னட்டி? டாக்டர்னாலும் சரி."

இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள். மலேரியா இல்லை, டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை. என்ன காய்ச்சலென்றே தெரியாமல் கொதித்தது. ஒன்பதாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கவும், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"புதர், காடுன்னு எங்கயும் போனாங்களா? உடம்புல கறுப்பாப் பொருக்கு ஏதும் இருக்கா?" டாக்டர் ஃபஹ்மிதா கேட்டார்.

"ஒண்ணும் கெடையாது டாக்டரம்மா," சாரம்மாள் முந்திக்கொண்டாள். கிறிஸ்மஸுக்கு ஆள் வரும் என்று வீட்டுப் பின்வளவுப் புதரை எப்சிபாவை வெட்டச் சொன்னதே அவள்தான்.

"நானே பாத்துக்கிடுதேன். திரைய இழுத்து விடுங்க."

"அவ கூச்சப்படுவா..."

கூச்சப்பட வேண்டியவளோ கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். "உண்ணிக் காய்ச்சல். புதர்ல இருக்க பொடி உண்ணி கடிச்ச தடம் இது. மொதல்லயே காட்டியிருந்தா மாத்திரைலயே சரியாயிருக்கும். இப்பம் நெஞ்சு வரைக்கும் போயிட்டு."

சாரம்மாளுக்குக் கண்ணீர் வந்தது; மருமகளுக்காக இல்லை. "ஸ்தோத்திரம்! பூச்சியா? நான் என் மவன்தான் சிகரெட்டால..."

டாக்டர் நிமிர்ந்தார்.

மருந்து ஏறி இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் போன் போட்டு, "வெறும் பூச்சிக்கடிதான்" என்று சொல்லி முடித்த சாரம்மாள் மருமகள் பக்கம் திரும்பினாள். "யாரு கேட்டாலும் நீயும் பூச்சின்னு சொல்லிரு."

"சொல்லுதேன். எங்கம்மாவ வரச் சொல்லிட்டேன், அவ கூடதான் போவேன்." எப்சிபா மூச்சு வாங்கிக்கொண்டாள். "மாமி, உங்க மவன் சுட்டிருப்பாவன்னு நெனச்சு அஞ்சு நாளு மறைச்சிய. நெசமாவே சுட்டிருந்தா எத்தன நாளு மறைச்சிருப்பிய?"

"பையப் பேசுட்டி," என்றாள் சாரம்மாள். "பக்கத்துக் கட்டில்ல ஆளு இருக்கு."