பன்னிரண்டாம் நோன்பும் கட்டிங் மெஷின் சாவியும்

எங்கள் அச்சகத்தில் கட்டிங் மெஷினுக்கு ஒரே சாவிதான் உண்டு. பதினொரு வருடமாக அது என் இடுப்பில் இருந்தது. அந்தப் பதினொரு வருடமும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் என் மச்சினன்.

அவன் பைண்டிங் பிரிவில், பசை மேசையில் வேலை செய்கிறான். எல்லோரும் அவனைப் 'பசை' என்றுதான் கூப்பிடுவார்கள். செய்கிற வேலையால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் விடவே மாட்டான், அதனால் வந்த பெயர் அது. எனக்கு 'ஸ்கேல்' என்று பெயர். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய கட்டர் ஓய்வு பெற்றபோது அந்தக் கத்தியை ஓட்டத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். முதலாளி சாவியை என் கையில் கொடுத்தார். அன்று முதல் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. சுவரைப் பார்த்துப் பேசுவான், எனக்குக் கேட்கிற மாதிரி.

நாலு வருடமாக எனக்குச் சர்க்கரை. காலையில் ஒரு முழு மாத்திரை, இரவில் அரை மாத்திரை. இது என் வீட்டுக்குள் இருந்த விஷயம். நோன்பு தொடங்க மூன்று நாள் இருக்கும்போது முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"நோன்பு பிடிக்கிறது உங்க விருப்பம். நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க நிக்கிற இடம் கத்தி முன்னாடி. ஒரு தடவ தடுமாறினாலும் சாவி கைமாறிடும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

அவருக்கு யார் சொன்னது என்று நான் விசாரிக்கவில்லை. அறையை விட்டு வெளியே வந்தபோது பசை தலையைக் குனிந்து வேலையில் மூழ்கியிருந்தான். அவ்வளவு மும்முரமாக அவன் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

அன்று மாலையே கோடு போட்ட தாளில் ஒரு அட்டவணை எழுதினேன். முப்பது நோன்புக்கு முப்பது வரி. எழும் நேரம், உணவு, மாத்திரை, வேலை, நோன்பு திறப்பு என்று தனித்தனிக் கட்டம்.

"முதல்ல கிளினிக்குக்குப் போய் ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க" என்றாள் மனைவி.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? சாப்பாடு ரெண்டு வேளை. மாத்திரையும் ரெண்டு வேளை. காலை மாத்திரை விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டுக்கு, ராத்திரி மாத்திரை நோன்பு திறந்த பிறகு. தானா பொருந்திப்போச்சு."

"உங்களுக்கு எல்லாமே தானா பொருந்தும்."

என் மாத்திரைப் பெட்டியில் 'காலை', 'இரவு' என்று இரண்டு வரிசை உண்டு. அதை நிரப்பி மூடியபோது எனக்கு ஒரு திருப்தி. ஒரு ரீம் தாளை நாலு பக்கமும் சமமாகத் தட்டி வைக்கிறபோது வருகிற திருப்தி அது.

முதல் நோன்பு அன்று மாலை மனைவி தன் தம்பி குடும்பத்தையும் அழைத்திருந்தாள். என்னைக் கேட்டுவிட்டு அழைக்கவில்லை. நான் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, பாதியாகக் கிள்ளி, ஒரு பாதியை வாயில் போட்டேன்.

பசை சுவரைப் பார்த்தான். "பேரீச்சம்பழத்தை ஸ்கேல் வச்சு அளந்து திங்கிற ஒரே ஆளு நம்ம மச்சான்தான்."

"ஏழு பழம் தின்னவன் அளவைப் பத்திப் பேசக் கூடாது" என்றேன்.

"எனக்கு ஒடம்புல ஒண்ணும் இல்லையே. நான் தின்னலாம்."

"மூளையிலயும் ஒண்ணும் இல்ல. அதனாலதான் தின்ன முடியுது."

"ரெண்டு பேரும் வாய மூடிட்டுச் சாப்பிடுங்க" என்றாள் மனைவி. "பகல் பூரா பட்டினி கிடந்தும் உங்க நாக்கு மட்டும் எளைக்கல."

சஹருக்கு அவள் வைத்த தட்டில் எல்லாம் இருந்தது. முழுக்கோதுமை ரொட்டி மூன்று, கெட்டியாகப் பருப்பு, வேகவைத்த முட்டை, ஒரு கிண்ணம் காய், கொஞ்சம் தயிர். மெதுவாகச் செரிக்கிற சாப்பாடு, மத்தியானம் வரைக்கும் தாங்கும் என்றாள். நான் ஒரு ரொட்டியும் முட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளி வைத்தேன். குறைவாகச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்பது என் முடிவு. முழு மாத்திரையைப் போட்டுக்கொண்டு அட்டவணையில் சரி போட்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். விடியலில் நான் காட்டிய சிக்கனம் மாலையில் நிற்கவில்லை. ஐந்தாம் நோன்புக்குப் பிறகு, நோன்பு திறந்ததும் கை தானாகப் பொரித்த பலகாரத்துக்குப் போனது. பிறகு சோறு. பிறகு இன்னொரு தடவை சோறு. ஒரு நாள் இரவு விரலில் குத்திப் பார்த்தபோது மீட்டரில் இருநூற்று எண்பது. அட்டவணையில் அதற்குக் கட்டம் போடவில்லை என்பதால் அதை எழுதவில்லை. பகலில் குத்திப் பார்க்கவே இல்லை. ரத்தம் வந்தால் நோன்பு முறிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். யாரிடமும் கேட்டதில்லை. எனக்குத் தெரியாத விஷயம் இருக்கிறது என்று பசை முன்னால் காட்டிக்கொள்ள மனம் வரவில்லை.

பன்னிரண்டாம் நோன்பு. மருந்துக் கம்பெனி லேபிள் வந்திருந்தது. ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுநாள் காலை கொடுக்க வேண்டும். மத்தியானம் வரைக்கும் நன்றாகவே ஓடியது. மூன்றரை மணிக்கு உள்ளங்கை வியர்த்தது. மின்விசிறி எனக்கு நேர் மேலே ஓடிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு ஸ்கேலில் இருந்த எண்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன.

எங்கள் மெஷினில் இரண்டு பொத்தான்கள். இடது கையும் வலது கையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். ஒரு கை கொஞ்சம் முந்தினாலும் இறங்காது. கை கத்திக்கு அடியில் போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. பதினொரு வருடத்தில் ஒரு நாளும் என் கைகள் ஒன்றை ஒன்று முந்தியதில்லை.

அழுத்தினேன். கத்தி இறங்கவில்லை. மறுபடியும் அழுத்தினேன். இறங்கவில்லை. இடது கை நடுங்கியது. வலது கை அதற்காகக் காத்திருந்து களைத்தது. நாலாவது முறையும் மெஷின் சும்மா நின்றது.

பசை மேசைப் பக்கம் பிரஷ் சத்தம் நின்றுபோனது.

"மெஷினுக்கும் நோன்பு போல" என்றான் சுவரிடம்.

அவசர வேலை என்றால் மற்ற அச்சகங்களில் சிலர் ஒரு காரியம் செய்வார்கள். அட்டையை நாலாக மடித்து ஒரு பொத்தானுக்குள் செருகிவிடுவார்கள். அது அழுந்தியபடியே இருக்கும். பிறகு ஒரு கை போதும். கேள்விப்படும்போதெல்லாம் நான் திட்டித் தீர்த்த பழக்கம் அது. அன்று குனிந்து ஒரு அட்டைத் துண்டை எடுத்தேன். மடித்தேன். செருகினேன். இடது கையால் லேபிள் கட்டைத் தட்டி நேராக்கினேன். அந்தக் கையை எடுத்தேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. வலது கை பொத்தான் மேல் இருந்தது.

மெஷின் ஓசை அடங்கியது. பசை மெயின் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு அங்கேயே நின்றான்.

"யாரைக் கேட்டு அணைச்ச?"

"உங்க இடது கையக் கேட்டு. அது எங்க இருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். கட்டின் மேலேதான் இருந்தது. கத்திக்கு நேர் கீழே, நாலு விரலும்.

"சாவிக்காகத்தானே இத்தன நாள் காத்துக் கிடந்த" என்றேன். நாக்கு தடித்து வார்த்தை வழுக்கியது.

"ஆமா. காத்துத்தான் கிடந்தேன். விரல் இல்லாத மச்சான் கையிலிருந்து வாங்கறதுக்கு இல்ல." அப்போதுதான் பதினொரு வருடத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தான். "பையில மீட்டர் வச்சிருக்கீங்கல்ல. எடுங்க."

"ரத்தம் எடுத்தா நோன்பு முறிஞ்சிடும்."

"முறியாது. முதல் நாளே பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்டக் கேட்டேன். ஒரு சொட்டு ரத்தத்துல ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டார். ஒடம்பு தாங்காதவன் விட்டுட்டு அப்புறம் பிடிச்சுக்கலாம்னும் சொன்னார்."

"எனக்காகக் கேட்டியா?"

"உங்களுக்காக நான் ஏன் கேக்கணும்? எங்க அக்காவுக்காகக் கேட்டேன். நீங்க விழுந்தா எங்க வீட்டு வாசல்லதான் அழுதுட்டு வந்து நிக்கும்."

என் விரலைப் பிடித்து அவன்தான் குத்தினான். தேவைக்கு மேலேயே அழுத்திக் குத்தினான் என்பது என் எண்ணம். மீட்டர் ஐம்பத்தெட்டு என்றது.

நோன்பு திறக்க இரண்டரை மணி நேரம் இருந்தது. தண்ணீர்க் குடம் ஏழெட்டு அடி தூரத்தில் இருந்தது. நான் அசையவில்லை. பதினொன்றை முடித்தாகிவிட்டது. இதை விட்டால் அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக நிற்கும். சாவியும் போகும். அவன் முன்னால் குடிக்க வேண்டும், அதுதான் எல்லாவற்றையும் விடக் கசந்தது.

"இரண்டரை மணி நேரம்தானே" என்றேன்.

"இன்னும் பத்து நிமிஷத்துல நீங்க எந்த மணி நேரம்னே சொல்ல மாட்டீங்க. என் ஷிப்ட்ல சாகாதீங்க மச்சான். நான் போலீசுக்குப் பதில் சொல்லணும்."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்தான். அதன் ஓரத்தில் பசை பட்டுக் காய்ந்து மஞ்சளாகியிருந்தது. பல நாள் பையில் கிடந்த பொட்டலம். டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கி நீட்டினான். அவனும் நோன்புதான். அவன் உதடு வெடித்திருந்தது.

நான் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து முதலில் மேசை மேல் வைத்தேன். பிறகுதான் டம்ளரை வாங்கினேன். அவன் எடுத்துக்கொண்டான் என்று யாரும் சொல்லக் கூடாது. நான் கொடுத்தேன். இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்லிக் குடித்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது எண்பத்தாறு.

மறுநாள் மனைவி என்னைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். நர்ஸ் என் அட்டவணையையும் மாத்திரைப் பெட்டியையும் ஒரு நிமிடம் பார்த்தார்.

"எழுத்து அழகா இருக்கு. ஆனா எல்லாமே தலைகீழ்" என்றார். "பெரிய மாத்திரையப் போட்டுட்டு நாள் பூரா பட்டினி கிடந்தா சர்க்கரை இறங்காம என்ன செய்யும்? அதுவும் ஒரே ஒரு ரொட்டியச் சாப்பிட்டுட்டு."

"காலை மாத்திரை காலையிலதானே போடணும்?"

"நோன்பு மாசத்துல உங்களுக்குக் காலை சாயங்காலம்தான் வருது. பெரிய சாப்பாடு எப்பவோ பெரிய மாத்திரை அப்ப. சஹர் அளவை டாக்டர் குறைச்சு எழுதுவார். இதையெல்லாம் நோன்புக்கு முன்னாடியே வந்து கேட்டிருக்கணும்."

மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். 'அன்னைக்கே சொன்னேன்ல' என்று அவள் குத்திக்காட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

டாக்டர் மூன்று நாள் நோன்பை நிறுத்தி வைக்கச் சொன்னார். அளவை மாற்றி எழுதிக் கொடுத்தார். பகலில் மூன்று தடவை குத்திப் பார்க்க வேண்டும், எழுபதுக்குக் கீழே போனாலும் முந்நூறுக்கு மேலே போனாலும் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்றார். அதன்பின் சஹர் தட்டை முழுவதும் சாப்பிட்டேன். மாலையில் ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர், கொஞ்ச நேரம் கழித்து அளவான சாப்பாடு. பலகாரத் தட்டை மனைவி அடுப்படியை விட்டு வெளியே கொண்டுவருவதில்லை.

பதினாறாம் நோன்பில் வேலைக்குப் போனபோது முதலாளி சொன்னார்: "மெஷினை நீங்களே ஓட்டுங்க. சாவி பசைகிட்டதான் இருக்கும். அவர் கொடுத்தா ஓட்டுங்க."

இதைவிட என்னை வேலையை விட்டே அனுப்பியிருக்கலாம். தினமும் பதினொன்றுக்கு, இரண்டுக்கு, நாலுக்கு நான் பசை மேசைக்குப் போய் அவன் கண் முன்னால் விரலைக் குத்த வேண்டும். அவன் எண்ணைப் படிப்பான், சுவருக்குச் சொல்வான், சாவியை மேசை மேல் தள்ளுவான்.

"நூத்திப் பதினாலு. போங்க."

"நூத்தி மூணு. போங்க."

போங்க என்று அவன் சொல்கிற விதத்துக்கே தனியாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுக்கலாம்.

இருபத்து மூன்றாம் நோன்பு, நாலு மணி. அதே மருந்துக் கம்பெனி, இன்னொரு லேபிள்.

"எழுபத்தாறு" என்றான். சாவி அவன் இடுப்பை விட்டு அசையவில்லை.

"எழுபதுக்கு மேலதானே இருக்கு?"

"இருக்கு. இறங்குதா ஏறுதான்னு தெரியல. உக்காருங்க. அரை மணி நேரம் கழிச்சு மறுபடியும் குத்துவோம்."

"லேபிள் அஞ்சு மணிக்குப் போகணும்."

"போகும்."

அவன் பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தான். கட்டிங் மெஷினுக்கு முன்னால் போய் நின்று சாவியைத் திருகினான். நான் பசை மேசையின் முக்காலியில் உட்கார்ந்தேன். தவறு வரும் என்று காத்திருந்தேன். வர வேண்டும் என்றே காத்திருந்தேன். அவன் கட்டைத் தட்டினான், கைகளை எடுத்தான், இரண்டு பொத்தான்களையும் அழுத்தினான். கத்தி இறங்கி ஏறியது. மறுபடியும். மறுபடியும்.

அரை மணி நேரத்தில் மீட்டர் எண்பத்து நாலு காட்டியது. சாவி வருவதற்கு முன்னால், அவன் வெட்டிய கட்டிலிருந்து ஒரு லேபிளை எடுத்து என் ஸ்கேலில் வைத்தேன். நாலு பக்கமும் வைத்துப் பார்த்தேன். அடியில் இருந்து ஒன்று, நடுவில் இருந்து ஒன்று எடுத்தும் பார்த்தேன்.

ஒரு மில்லிமீட்டர்கூட விலகியிருக்கவில்லை. சர்க்கரையைக்கூட மன்னித்துவிடுவேன், அதை மன்னிக்க மாட்டேன்.