அடர்சிவப்பு

"கையை ஆட்டாதேம்மா, இன்னும் காயல."

அம்மா ஆட்டவில்லை, இருமல்தான் ஆட்டியது. அது அடங்கும்வரை மகள் தூரிகையைப் பிடித்தபடி காத்திருந்தாள். அழகு நிலையத்தில் நாளுக்கு இருபது கைகளைப் பார்ப்பவள், இந்த விரல்களிடம் மட்டும் தடுமாறினாள். ஒரு வருஷமாகவே நுனிகள் உருண்டு பருத்து, நகங்கள் கவிழ்த்த கரண்டிபோல வளைந்திருந்தன. நீலம் வேறு.

"தவளைக்கு நெயில் பாலிஷ் போடற மாதிரி இருக்கு."

"அப்ப நீ தலைப்பிரட்டைடி."

இருவரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு மறுபடி இருமல்.

"ரோஸ் கலரே போடேன்."

"அதுல நீலம் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா என்ன சொல்றது? இதுதான் எல்லாத்தையும் மூடும்."

"டாக்டர்கிட்ட ஒரு எட்டு போய்க் காட்டிடலாமா?"

"விரல் குண்டானதுக்கெல்லாமா? ஞாயிற்றுக்கிழமை அவங்க வந்துட்டுப் போகட்டும்மா."

ஞாயிறுக்கு இரண்டு நாள் இருந்தது. அன்று சாயங்காலமே அம்மாவுக்கு மூச்சுத் திணறியது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆள்காட்டி விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டினாள். மெஷினில் எண் நிலைகொள்ளாமல் தாவியது.

"யாரு இதைப் பூசிவிட்டது? இது இருந்தா சரியாக் காட்டாது."

பஞ்சை நனைத்து அந்த ஒரு நகத்தை மட்டும் அழுந்தத் துடைத்தாள். சிவப்புக்கு அடியிலிருந்து நீலம் வந்தது.

டாக்டர் விரலைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். "நுனி இப்படிப் பருத்தா நுரையீரலையோ இதயத்தையோ உடனே பார்த்திருக்கணும். இவங்களுக்கு நுரையீரல். எத்தனை நாளா இப்படி?"

"கவனிக்கலைங்க, டாக்டர்."

ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அம்மா மகளைப் பார்த்தாள். பிறகு இன்னொரு கையை மெல்லப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் வீட்டுக் கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சித்தி அவர் காதில் விழும்படிச் சொன்னாள்:

"கையெல்லாம் எவ்வளவு லட்சணமா இருக்கு பாருங்க. எல்லாம் இவ கைவேலை. அக்கா கொடுத்துவெச்சவ."

பிறகு மகள் பக்கம் குனிந்து, "அந்த ஒரு நகத்துல மட்டும் போயிருக்குடி. பூசி விட்டுடு. வந்தவங்க பார்க்கறாங்க," என்றாள்.

மகள் எழுந்துபோய்ப் பாட்டிலை எடுத்துவந்தாள். மூடியைத் திருகவில்லை. அந்த விரலைப் பிடித்தபடியே இருந்தாள்.

"என்னடி?"

"வேண்டாம் சித்தி. இருக்கட்டும்."

அந்தக் கையை மேலே தெரியும்படி எடுத்துவைத்தாள். மற்ற ஒன்பது நகங்களிலும் பூச்சு ஒரு கீறல்கூட விழாமல் மின்னிக்கொண்டிருந்தது.