கோமாவில் ஆடிய சுண்டுவிரல்

நடிகர் கோமாவில் விழுந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சீரியலில்தான். இருபத்திரண்டு வருடத்தில் போலீஸ், வக்கீல், பிச்சைக்காரன், பேய் என்று ஆடித் தீர்த்த மனிதர், இப்போது மூக்கில் குழாயும் முகத்தில் தாடியுமாகத் தினம் எட்டு மணி நேரம் மல்லாந்து கிடந்தார். ஒருநாள்கூடக் கண் அசந்ததில்லை. தொழில் பக்தி.

அந்த நேரம் பார்த்து, முதல்முறையாக, சினிமாவில் கதாநாயகன் வேடம் வந்தது. ஒரே நிபந்தனை: தாடி கூடாது.

"என்னைக் கொன்னுடுங்க சார்," என்று சீரியல் இயக்குநரிடம் கெஞ்சினார்.

"கொல்றதா? நீங்க படுத்தப்புறம்தான் சார் ரேட்டிங்கே எந்திரிச்சுது."

"சரி, எழுப்பியாவது விடுங்க."

"எழுந்தா பேசுவீங்களே."

ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தார். எட்டாம் நாள் மழமழவென்று சவரம் செய்துகொண்டு செட்டில் போய் நின்றார். கோமாவில் கிடப்பவனுக்கு யார் சவரம் செய்தது என்ற கேள்வி வரும், வேறு வழியில்லாமல் கொன்றுவிடுவார்கள் என்று நினைப்பு.

"முகம் பூரா கட்டுப் போடுங்கப்பா," என்றார் இயக்குநர், டீயைக் கீழே வைக்காமல். கட்டுக்குள் யார் இருந்தால் என்ன என்று அவருக்கு உடனே தோன்றிவிட்டது. கம்பெனி வேன் டிரைவரைப் படுக்க வைத்தார். டிரைவர் நடிகரின் மச்சினன். வேலை வாங்கிக் கொடுத்ததே நடிகர்தான்.

போகட்டும், படம் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டவருக்கு, மறுவாரம் படத்தின் இயக்குநர் போன் செய்தார்.

"சார், நேத்து எபிசோட் பார்த்தேன். மக அழும்போது உங்க சுண்டுவிரல் லேசா ஆடிச்சு பாருங்க, அசந்துட்டேன்! உண்மையச் சொன்னா, ஓவரா நடிப்பீங்களேன்னு வேற ஆளை யோசிச்சு வெச்சிருந்தேன். அந்த விரல்தான் உங்களைக் காப்பாத்துச்சு. திங்கக்கிழமை முதல் ஷாட்டே அதுதான். அப்படியே வேணும்."

நடிகர் கண்ணாடி முன் நின்று சுண்டுவிரலை ஆட்டினார். சோகமாக ஆட்டினார். வக்கீலாக ஆட்டினார். பேயாகவும் ஆட்டிப் பார்த்தார்.

"கையில என்ன, சுளுக்கா?" என்றாள் மனைவி.

வேன் நிற்கும் ஷெட்டுக்குப் போனார். மச்சினன் டயர் மாற்றிக்கொண்டிருந்தான்.

"மாப்ளே, மக அழுற சீன்ல விரலை ஆட்டினியே, என்ன நெனச்சு ஆட்டினே?"

"ஐயோ மாமா, நான் தூங்கிட்டேன். தூக்கத்துல ஆடியிருக்கும். டைரக்டர்கிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க."

நடிகர் வேனின் பின்சீட்டில் ஏறி மல்லாந்து படுத்தார்.

"நான் தூங்கினதும் என் விரலைப் பார்த்துச் சொல்லு," என்றார்.

மச்சினன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். நடிகருக்குத் தூக்கம்தான் வரவில்லை.