கெங்கம்மாள் சொன்ன சாட்சி

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை, விருப்பப்பட்டால் ஒரு சாட்சியை அழைத்து வரலாம் என்று என் அம்மா சாராளுக்குக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அம்மாவின் வலது கையில் இரண்டு விரல்கள் பிரஸ் மெஷினில் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. கவனக்குறைவால் கையை உள்ளே விட்டதாக சூப்பர்வைசர் யேசுதாஸ் எழுதிக் கொடுத்திருந்தார். அது நிலைத்தால் அம்மாவின் வேலை போய்விடும்.

நடந்தது வேறு. அந்த மெஷினில் இரண்டு பட்டன்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே போகக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு பட்டனுக்கு டேப் சுற்றி, அது அமுங்கியே இருக்கும்படி செய்யச் சொன்னவர் யேசுதாஸ்தான். பக்கத்து மெஷினில் இருந்த கெங்கம்மாள் அக்கா அதைப் பார்த்தார்.

யேசுதாஸ் எங்கள் சபைக்காரர். ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்காருவார். அம்மா மிச்சமிருந்த விரல்களோடு கை தட்டிப் பாடுவாள். வேறு சபைக்குப் போகலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏன், கர்த்தர் இன்னா ஊடு மாறிப் பூட்டாரா?" என்றாள்.

இடது கையால் சோறு வடிக்கவும் என் தலையைப் பின்னவும் பழகிக்கொண்டாள். வடிக்கும்போது இரண்டு முறை கால் வெந்தது. ஜெபத்தில் யேசுதாஸைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டாள். "உண்மை வெளிய வரணும் ஆண்டவரே" என்பாள், அவ்வளவுதான்.

கெங்கம்மாளிடம் சொல்லிவர என்னை அனுப்பினாள். நான்கு பேர் கூடியிருந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். குழாயடியில் ஆறு பேர் இருந்தார்கள். "அக்கா, அம்மாவுக்காக நீங்க சாட்சி சொல்லணுமாம்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

"நாளு, எடம் எல்லாம் கரெக்டா சொன்னியா?" என்று அம்மா கேட்டபோது தலையை ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் பாஸ்டர் ஆசீர்வாதம் வழக்கம்போல, "சாட்சி சொல்றவங்க முன்னாடி வரலாம்" என்றார். காய்ச்சல் விட்டது, பிள்ளை பாஸானது என்று கர்த்தர் செய்த நன்மைகளைச் சொல்லும் நேரம் அது. வாசலோரமிருந்து ஒருவர் எழுந்தார். தலை நிறைய கனகாம்பரம், நெற்றியில் பெரிய பொட்டு. கெங்கம்மாள் அக்கா. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மைக்கை வாங்கிக்கொண்டார். "எல்லாருக்கும் வணக்கம். சாராளுக்கு சாட்சி சொல்ல வந்துகீறேன்."

"ஸ்தோத்திரம்!" என்றது சபை.

"அன்னிக்கி ரெண்டாவது ஷிப்ட்டு. மெஷின்ல ஒரு பட்டன டேப்பு சுத்தி அமுக்கி வெச்சிருந்தாங்க."

"ஸ்தோத்திரம்!" இந்த முறை பாதிப் பேர்தான்.

"சாராளு வேணாம் சார்னு சொல்லிச்சி. ஒண்ணும் ஆவாது, ஓட்டும்மான்னாரு யேசுதாஸ் சாரு. என் கண்ணால பாத்தேன். தோ, குந்திக்கினு கீறாரே, அவரையே கேளுங்க."

எல்லாத் தலைகளும் முன்வரிசைப் பக்கம் திரும்பின. பாஸ்டர் மைக்குக்குக் கை நீட்டினார். "தாயே, அது வந்து..."

"இரு ஐயரே. கையெழுத்து எங்க போடணும்?"

யேசுதாஸ் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாடி சொல்லித் தொலச்ச?" நான் சொன்னதைச் சொன்னேன். கெங்கம்மாள், பக்கத்து வீட்டு மேரியிடம் சாட்சி எங்கே சொல்வார்கள் என்று கேட்டிருக்கிறார். சர்ச்சில்தான், ஞாயிற்றுக்கிழமை என்று மேரியும் சொல்லியிருக்கிறாள். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு, "கையெழுத்து எங்க போடணுமாம்" என்று சொல்லிச் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆனால் அன்று அவள் ஜெபம் நீளமாக இருந்தது. யார் சாட்சி என்பது இப்போது யேசுதாஸுக்குத் தெரிந்துவிட்டது. கெங்கம்மாளும் கான்ட்ராக்ட் ஆள்தான், நாளைக்கே வராதே என்று சொல்லிவிடலாம்.

செவ்வாய்க்கிழமை கெங்கம்மாள் பட்டுப்புடவையில் வந்தார். அவரும் நானும் ஆபீஸ் வராந்தாவில் காத்திருந்தோம். அரை மணியில் அம்மா வெளியே வந்தாள். முகம் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

"அவரே சொல்ட்டாரு. டேப்பு சுத்தச் சொன்னது நான்தான்னு. சபைல எல்லாரும் கேட்டப்பறம் இங்க மாத்திச் சொல்ல வாய் வரல சார்னாரு. என்னைய பேக்கிங் செக்‌ஷனுக்கு வரச் சொல்ட்டாங்க."

"அப்ப நான் சொல்ல வேணாமா?" என்றார் கெங்கம்மாள். "லீவு போட்டுக்கினு வந்தேனே!"

அம்மா எங்களைக் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த கடைக்கு நாஷ்டாவுக்கு அழைத்துப் போனாள். யேசுதாஸ் தன் பைக்கருகே தனியாக நின்றிருந்தார். கையில் கம்பெனி கொடுத்த மெமோ. "வாங்க பிரதர், நீங்களும் ஒண்ணும் துண்ணல" என்று அவரையும் கூட்டிக்கொண்டாள். அவர் மறுத்துப் பார்த்தார். அம்மா விடவில்லை.

இட்லி வருவதற்குள் கெங்கம்மாள் கடை மாஸ்டரிடம் ஆரம்பித்துவிட்டார். "அன்னிக்கி ரெண்டாவது ஷிப்ட்டு..." ஒன்றையும் விடாமல், சத்தமாக, கை காட்டிச் சொன்னார்.

"நெசமாவா?" என்றார் மாஸ்டர்.

"ஆமாங்க, நெசந்தான்" என்றார் யேசுதாஸ், இட்லியைப் பிட்டுக்கொண்டே.